மீதி ரெண்டு பேர்

"மாமா, மூணு வருஷம் கணக்குப் படிச்சிட்டு வந்தவளைப் பிடிச்சு 'அ'னா, 'ஆ'வன்னா சொல்லிக்கொடுன்னா எப்படி?"

கேட்டவள் நண்பரின் மகள். இடம், உத்தமபாளையத்தில் அவர்கள் வீட்டுத் திண்ணை. எதிரே தட்டில் பன்னீர் திராட்சை. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆவதற்கான இரண்டு வருடப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கல்லூரியில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது தர்க்கம். 'இது உண்மை என்றால் அதுவும் உண்மை; அது உண்மையில்லை என்றால்...' என்று ஒவ்வொரு படியாக ஏறிப் போகிற சமாசாரம். இப்போது மடியில் கிடப்பதோ வாசித்தல் திறன், கேட்டல் திறன், பேசுதல் திறன் என்று கட்டம் கட்டமாகப் பிரித்த பாடக்குறிப்பு நோட்டு. பக்கத்தில் சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, கோந்து.

நான் அவசரப்பட்டு ஒரு பிரசங்கம் செய்துவிட்டேன். இந்த வயதில் அது ஒரு வியாதி.

"கணக்கு வேற, தமிழ் வேறன்னு உனக்கு யாரும்மா சொன்னது? அந்தக் காலத்துல இலக்கியத்துக்கே கணக்குன்னுதான் பேரு. திருக்குறள் இருக்கிற தொகுப்பு பதினெண்கீழ்க்கணக்கு. அதுல எங்க கூட்டல், கழித்தல் இருக்கு? எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் பேரு கணக்காயர். நக்கீரரோட அப்பாவே மதுரைக் கணக்காயனார்தான். எண்ணுறதுன்னா ஒண்ணு, ரெண்டு எண்ணுறதும்தான், யோசிக்கிறதும்தான்."

பொறுமையாகக் கேட்டாள். ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பட்டிமன்றத்துல பேசினா கை தட்டுவாங்க மாமா. தகுதித் தேர்வுல 150 மார்க்கு. அதுல தமிழுக்கு 30, கணக்குக்கு 30ன்னு தனித்தனியாத்தான் கேக்குறாங்க."

வாயை மூடிக்கொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு தொடங்கிய திட்டத்துக்கு 'எண்ணும் எழுத்தும்' என்று பெயர். இரண்டையும் சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் நடுவில் இருக்கிற அந்த 'உம்'மை யார் கவனிக்கிறோம்?

மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி போன் செய்தாள். கற்பித்தல் பயிற்சிக்காக மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பச்சைப் பசேல் என்று வயல், திராட்சைப் பந்தல், தென்னை... எல்லாம் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். மேற்கே சுவர் மாதிரி மலை. மலைக்கு அங்கிட்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்னாலேயே பெண்கள் தூக்குச்சட்டியோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜீப் வரும். குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ மேலே போய், நாளெல்லாம் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்குவார்கள். சினிமாக்காரர்கள் வருகிற நேரத்தில் இவர்கள் ஊரில் இருப்பதில்லை.

நம்ம பெண்ணின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் இப்படி 'மேலே' போகிறவர்கள்தான். பாடப்புத்தகங்களில் எழுதி வருகிற கணக்குகளுக்கு 'வாழ்க்கைக் கணக்கு' என்று பெயர். அதில் யாராவது ஒருவர் 340 தர்பூசணி வாங்கிக்கொண்டே இருப்பார். ஏன் வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. நிஜமான வாழ்க்கையிலிருந்தே ஒரு கணக்குப் போடலாமே என்று இவள் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதினாள்:

'ஏலத்தோட்ட வேலைக்கு 74 பேர் செல்ல வேண்டும். ஜீப் ஒன்றுக்குத் தலா 12 பேர் வீதம் சென்றால், எத்தனை ஜீப்புகள் தேவை?'

முதல் கேள்வி ஒரு பையனிடமிருந்து வந்தது.

"டீச்சர், தலா யாரு?"

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்! யோசித்துப் பார்த்தால், நாம் யாராவது 'தலா' என்று பேசுகிறோமா? 'ஆளுக்கு ரெண்டு', 'வீட்டுக்கு ஒண்ணு' என்றுதான் சொல்கிறோம். அரசு அறிவிப்பிலும் பேப்பரிலும் குடியிருக்கிற சொல் அது. "அவன் மட்டும் கேக்கலேன்னா, 'வகுத்தல் திறன் குறைவு'ன்னு ரெக்கார்டுல எழுதியிருப்பேன் மாமா. வராதது வகுத்தலே இல்ல, ஒரு சொல்லு!"

தலாவை விளக்கியாயிற்று. விடைகள் வந்தன. பாதிக்கு மேல் '6, மீதி 2'. சிலர் கூட்டி 86. இரண்டு பேர் பெருக்கி 888. அத்தனை ஜீப்பையும் நிறுத்த அந்தப் பள்ளத்தாக்கில் ரோடு கிடையாது. ஏழு என்று எழுதியவர்கள் நாலைந்து பேர்.

ஒரு பையன் வெறும் 6 என்று எழுதியிருந்தான். "மீதி ரெண்டு பேரு என்னடா ஆவாங்க?" என்று கேட்டதற்கு, "நெருக்கி உக்காந்துக்குவாங்க டீச்சர். பன்னெண்டு பேரு மட்டும் எந்த ஜீப்புல போறாங்க?" என்றானாம்.

இன்னொரு சிறுமியும் 6-தான். அவள் சொன்ன காரணம் வேறு.

"ரெண்டு பேருக்காக வண்டி எடுக்க மாட்டாங்க டீச்சர். டீசலுக்குக் கட்டாது. அந்த ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிருவாங்க. போன வாரம் எங்கம்மா திரும்பி வந்துச்சு."

"இப்ப சொல்லுங்க மாமா. இதுக்கு ரைட் போடவா, தப்புப் போடவா?"

சட்டென்று பதில் வரவில்லை. பிறகு, "தப்புதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், கணக்கின் பலமே அது ஆள் பார்க்காததுதான். 74 ஆடாக இருந்தாலும் ஆளாக இருந்தாலும், 12-ஆல் வகுத்தால் ஆறு முழுசாகப் போய் இரண்டு மிஞ்சும். பணக்காரனுக்கு ஒரு வகுத்தல், ஏழைக்கு ஒரு வகுத்தல் கிடையாது. உலகத்தில் அந்த மாதிரி நியாயமான விஷயங்கள் ரொம்பக் கொஞ்சம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், 'உன் ஊரில் எப்படியோ அப்படியே எழுது' என்று விட்டுவிட்டால், அந்தப் பிள்ளை அந்த ஊரைத் தாண்டி யோசிப்பது எப்போது? அதுவும் போக, கேள்வி 'எத்தனை ஜீப் தேவை' என்பது. 'எத்தனை ஜீப் வரும்' என்பது அல்ல. சிறுமி கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை.

நல்ல வாதம்தான் என்று எனக்கே ஒரு திருப்தி.

அவள் விடவில்லை. "'6, மீதி 2'ன்னு எழுதினதுக்கு வகுத்தல் தெரியுது, பாதி மார்க் போடுவேன். இந்தப் பொண்ணும் அதே வகுத்தலைத்தான் செஞ்சிருக்கு. செஞ்சிட்டு, அந்த மீதி யாருன்னும் யோசிச்சிருக்கு. அதுக்கு சைபரா? அதுவும் இல்லாம, அவங்க வீட்டுல தேவைன்னா அது வந்துரும்னு அர்த்தம் இல்லையே மாமா."

இது தேனி மாவட்டத்துப் பிரச்னை மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க நடந்த ஒரு தேர்வில் கிட்டத்தட்ட இதே கணக்கைக் கேட்டார்கள். ராணுவ பஸ் ஒன்றில் 36 வீரர்கள் போகலாம். 1,128 வீரர்களுக்கு எத்தனை பஸ்? 13 வயதுப் பிள்ளைகள். சரியாக 32 என்று சொன்னவர்கள் 23 சதவிகிதம். '31, மீதி 12' என்று எழுதியவர்கள் 29 சதவிகிதம். வெறும் 31 என்று 12 பேரை ரோட்டிலேயே விட்டுவிட்டவர்கள் 18 சதவிகிதம். ஆக, பெரும்பாலானவர்களுக்கு வகுக்கத் தெரிந்திருக்கிறது. மீதி 12 என்பது பன்னிரண்டு மனுஷர்கள் என்பதுதான் தெரியவில்லை.

பிரான்ஸில் இன்னும் வேடிக்கை. நாவலாசிரியர் ஃப்ளாபேர் தன் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினார். கப்பலைப் பற்றி நீளமாக விவரம் எல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் 'கேப்டனுக்கு என்ன வயது?' என்று ஒரு கேள்வி. சும்மா தமாஷ். அதையே 1980 வாக்கில் கிரனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளிடம் நிஜமாகவே கேட்டுப் பார்த்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கேப்டனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு விடை சொல்லிவிட்டார்கள். 2018-ல் சீனாவில் ஒரு மாவட்டத்துத் தேர்வில் இதே கேள்வி வந்து, ஊரே கேலி செய்தது. பிள்ளைகள் யோசிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றார்கள் அதிகாரிகள்.

அந்த 76 பிள்ளைகளும் முட்டாள்கள் இல்லை. வீட்டில் ஆட்டுக்கும் கேப்டன் வயதுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். வகுப்பில் சிரிக்க முடியாது. வாத்தியார் கேட்டால் விடை இருக்கும். இரண்டு எண் கொடுத்தால் இரண்டையும் ஏதாவது செய்ய வேண்டும். அது கீழ்ப்படிதல். கணக்கு வகுப்பில் நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 'மொத்தம்'னா கூட்டு, 'மீதி'ன்னா கழி, 'மடங்கு'ன்னா பெருக்கு, 'சமமாக'ன்னா வகு. கேள்வியைப் படிக்கவே வேண்டாம், அந்தச் சொல்லைத் தேடினால் போதும். நானும் அதை வைத்தே பத்தாம் வகுப்பு வரை ஓட்டினேன். ஆனால், 'ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு கொய்யா கொடுத்த பிறகு கூடையில் மீதி 8 இருக்கிறது. முதலில் எத்தனை?' என்று கேட்டுப் பாருங்கள். 'மீதி'யைப் பார்த்ததும் கழித்து, 3 என்று எழுதுகிற பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு.

தமிழ் வகுப்பு மட்டும் என்ன வாழ்கிறது? அங்கேயும் இதே வேட்டைதான். நானே ஒரு வாக்கியம் இட்டுக்கட்டுகிறேன்: 'மிலாந்தன் சிடுக்கையை நெளவினான்.' மிலாந்தன் எதை நெளவினான்? 'சிடுக்கையை' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் இல்லையா? முழு மார்க்! மிலாந்தன் யார், சிடுக்கை தின்கிற பொருளா, உடுத்துகிற பொருளா, ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கேள்வியில் உள்ள சொல் பாடத்தில் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியைப் பார்த்து எழுதினால் தீர்ந்தது.

இதை அவளிடம் சொன்னபோது, அவளே ஒரு விஷயம் சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பையன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று ராகம் போட்டு வாசிப்பானாம். நிறுத்தற்குறியில்கூட நிற்க மாட்டான். கணக்கையும் அதே மாதிரிதான். எண் வருகிற இடத்தில் மட்டும் பென்சிலால் சுழி போட்டுக்கொள்வான். நடுவில் இருக்கிற சொற்கள் எல்லாம் அவனுக்கு வேலியோரத்துச் செடி. அதே பையனிடம் 142 என்றால் என்ன என்று கேட்டால், யோசிக்காமல் "பெரியாறு அணை, 142 அடி" என்கிறான். 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தைக்கும் தெரிந்த எண் அது. அந்த எண்ணுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது, வயல் இருக்கிறது, சண்டை இருக்கிறது. புத்தகத்தில் வருகிற எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது என்று எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறான்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரமாதமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எண்சுவடியை மனப்பாடம் பண்ணாவிட்டால் தோல் உரிந்துவிடும். ஆனால் காரிநாயனாரின் 'கணக்கதிகார'த்தில் கணக்குகள் பாட்டாகத்தான் இருக்கின்றன. பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்ல ஒரு வழி வரும். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலிக்குமா என்பது வேறு விஷயம். பழம் வாங்கி வந்து பார்க்க வேண்டும். பாட்டுப் புரியாமல் அந்தக் கணக்கில் கை வைக்க முடியாது என்பதுதான் எனக்கு முக்கியம். தமிழும் கணக்கும் ஒரே ஓலையில் இருந்தன.

எண்ணை மட்டும் படிக்கிற பழக்கம் பள்ளிக்கூடத்தோடு போய்விடுகிறதா என்ன? சில வருடங்களுக்கு முன் நான் ஒரு சீட்டு கம்பெனியில் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு கட்டணும், எத்தனை மாசம், எவ்வளவு வரும்... மூன்று எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தேன். 'தவறும் பட்சத்தில்' என்று தொடங்கிய வாக்கியத்தைப் படிக்கவில்லை. என் பணம் போனது அந்த வாக்கியத்தில்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் 91 மார்க்!

குழுக் கடன் அட்டையில் வாராவாரம் கையெழுத்துப் போடுகிற பெண்கள் அந்த அடிவாரத்து ஊர்களிலும் நிறைய. 'ஆல்', 'உம்', 'மட்டும்', 'தவிர', 'குறைந்தது', 'அல்லது'... இந்தச் சின்னச் சொற்களில்தான் ஆளைப் பிடிக்கிறார்கள். நம்ம பெண் கல்லூரியில் மூன்று வருடம் படித்த தர்க்கம் பூராவும் இந்தச் சொற்கள்தான். சொல்லிக்கொடுக்க வேண்டிய வாசிப்பும் அதேதான். அதை அவளுக்குச் சொல்ல நினைத்தேன். முதல் பிரசங்கத்தின் கதி ஞாபகம் வந்து, சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி போன். பழைய கணக்கையே கரும்பலகையில் திரும்ப எழுதினாளாம். ரைட்டும் போடவில்லை, தப்பும் போடவில்லை.

"இந்தக் கணக்குல டீச்சர் எதையோ எழுதாம விட்டுட்டேன். அது என்னன்னு கண்டுபிடிச்சு நீங்க எழுதுங்கன்னு சொன்னேன் மாமா. நாங்க காலேஜ்ல, ஒண்ணை நிரூபிக்கிறதுக்கு முன்னாடி எதை எல்லாம் எடுத்துக்கிட்டோம்னு எழுதுவோம். அதே மாதிரிதான்."

முதலில் நெருக்கி உட்காரச் சொன்ன பையன் எழுந்தான். 'ஒரு ஜீப்பில் 12 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது.' கரும்பலகையில் ஏறியது. பிறகு பின் வரிசையிலிருந்து ஒன்று: 'எல்லாருக்கும் வேலை உண்டு.' அம்மா திரும்பி வந்த சிறுமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: 'ரெண்டு பேர் மட்டும் இருந்தாலும் வண்டி எடுக்கணும். யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது.'

"எழுதி முடிச்சு, இப்ப எத்தனை ஜீப்புன்னேன். மொத்தக் கிளாஸும் ஏழுன்னு கத்துச்சு மாமா. 888 போட்டவன்கூட!"

நான் போட்டிருந்த சைபர் எனக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்தச் சிறுமி கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்று சொன்னேனே, கேள்வியில் எழுதாமல் விட்டதைக்கூட வாசித்தவள் அவள் ஒருத்திதான்.

"ரெக்கார்டுல இதைத் தமிழ்ல சேக்குறதா, கணக்குல சேக்குறதா?" என்று கேட்டேன்.

"அதை விடுங்க மாமா. இப்ப வேற பிரச்னை."

பள்ளிக்கூடம் விட்டதும் அந்தச் சிறுமி மட்டும் நின்றாளாம். கரும்பலகையில் இருந்த மூன்று வரியையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டிருக்கிறாள்:

"டீச்சர், இதை ஜீப்பு ஓட்டுற அண்ணன்கிட்ட காட்டலாமா?"

"நீ என்ன சொன்னே?"

"காட்டுன்னு சொல்லிட்டேன் மாமா. வேற என்ன சொல்றது? நல்லா வாசி, யோசி, எழுதுன்னு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? அதை நோட்டோட வச்சுக்கோன்னு எந்த வாயால சொல்ல? ஆனா சொன்னதுல இருந்து தூக்கமே வரல. நாளைக்கு அந்தம்மாவை ஏத்தாம விட்டுட்டா? 'ஓம் மக சட்டம் பேசுறா, நீ இறங்கிக்க'ன்னுட்டா?"

என்னிடம் பதில் இல்லை. "பாத்துக்கலாம்மா" என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. அங்கே ஜீப் வருகிற நேரம்.